‘ஒரு மாதிரியா இருக்கு சிஸ்டர்’

அந்தப் பாட்டி என்னைத் ‘தாயி’ என்றுதான் கூப்பிடுவார். தேனிப் பக்கத்து ஆள். கழுத்தில் நெறி கட்டி, பத்துப் போட்டு, மந்திரித்து, எதற்கும் கரையாமல் கடைசியில் எங்கள் வார்டுக்கு வந்து சேர்ந்திருந்தார். நிணநீர்ச் சுரப்பியில் வரும் புற்றுநோய். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை வீதம் ஆறு தடவை மருந்து ஏற்ற வேண்டும். அன்று இரண்டாவது தடவை.

அவருக்குப் போகும் மருந்துகளில் ஒன்று டாக்ஸோரூபிசின். சிவப்புக் குச்சி ஐஸ் உருகின மாதிரி நிறம். வார்டில் எல்லோருக்கும் அது ‘செவப்பு மருந்து’. ஏற்றின அன்று சிறுநீரும் சிவப்பாகப் போகும். முதல் தடவை இதைச் சொல்லி அனுப்பாவிட்டால், ரத்தம் போகிறது என்று பதறி நடுராத்திரியில் ஓடி வருவார்கள். பாட்டிக்கு அதை நான் சொல்லியிருந்தேன். அந்த மட்டில் நல்ல நர்ஸ்தான்.

அப்போதெல்லாம் அந்த மருந்தைச் சின்ன சலைன் பாட்டிலில் கலந்து சொட்டாக விடுவோம். மாட்டிவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்ந்தேன். “தாயி, கை எரியுது” என்றார் பாட்டி. திரும்பிப் பார்த்தேன், கிட்டப் போகவில்லை. “கொஞ்சம் அப்படித்தான் இருக்கும் பாட்டி, மருந்துல்ல” என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். எதிர்ப் படுக்கையில் ஒருவருக்கு வாந்தி. அதைப் பார்த்து, இன்னொருவருக்கு டிரிப்ஸ் மாற்றி, கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு வரப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகியிருக்கும். பாட்டியின் இடது முன்கை வீங்கிச் சிவந்திருந்தது. ஊசி நரம்பை விட்டு விலகி, மருந்து சதைக்குள் போயிருந்தது.

இப்படி ஆனால் மருந்தை அந்த நிமிடமே நிறுத்த வேண்டும். ஆனால் ஊசியைப் பிடுங்கக் கூடாது. அதே ஊசி வழியாகச் சிரிஞ்சு போட்டு, சதைக்குள் போன மருந்தில் வருகிற வரைக்கும் உறிஞ்சி எடுக்க வேண்டும். அப்புறம்தான் ஊசியை எடுப்பது. வீங்கின இடத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு, கைக்குத் தலையணை முட்டு, ஐஸ் ஒத்தடம். தேய்க்கவே கூடாது. எல்லாம் செய்தேன், டாக்டரையும் கூப்பிட்டேன். ஆனாலும் கொப்புளம் வந்தது, உடைந்தது, புண்ணானது. ஆறுவதற்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அதனால் மூன்றாவது தடவை மருந்தும் ஒரு வாரம் தள்ளிப் போனது.

பாட்டி சண்டை போடவில்லை. மகன் சத்தம் போட்டபோதும், “அந்தப் புள்ள ஒண்டியா நாப்பது பேரப் பாக்குது, விடுறா” என்று அவனைத்தான் அடக்கினார். அதுதான் என்னைப் படுத்தி எடுத்துவிட்டது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நான் இந்த வேலைக்கு வந்து பதினேழு வருடம். அதில் பாதிக்கு மேல் புற்றுநோய் வார்டில். கனிவாகப் பேசுவதில் எனக்கு எப்போதும் நல்ல பெயர்தான். அன்றைக்கும் கனிவாகத்தான் பதில் சொன்னேன். அவர் என்ன சொல்கிறார் என்பதுதான் காதில் ஏறவில்லை.

இப்போது செவப்பு மருந்து ஏறி முடிகிற வரைக்கும் ஸ்டூலைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவேன். ஊசி போன இடத்தைப் போர்வையால் மூட விடமாட்டேன். முதலில் வெறும் சலைனை ஓடவிட்டு, நரம்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மருந்து. தொடங்கும் முன்பே சொல்லிவிடுவேன்: “எரிஞ்சாலோ, குத்தினாலோ, இறுக்கமா இருந்தாலோ உடனே சொல்லணும். நான் வேலையா இருந்தாலும் கத்திக் கூப்பிடணும். கூச்சப்படக் கூடாது.” கூட இருப்பவர்களுக்கும் இதே பாடம்தான். உங்கள் வீட்டு ஆளுக்கு மருந்து ஏறும்போது கையில் எரிச்சல் என்றால், நர்ஸ் ‘அப்படித்தான் இருக்கும்’ என்று சொன்னாலும் விடாதீர்கள். வந்து பார்க்கச் சொல்லுங்கள். பார்த்துவிட்டுச் சொன்னால் சரி, தூரத்திலிருந்து சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பாட்டிக்குப் போகும் இன்னொரு மருந்து வின்கிரிஸ்டின். நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுப்பது. அதுவும் வெளியே கசிந்தால் சதையைப் புண்ணாக்கும். ஆனால் அதற்கு ஐஸ் கூடாது, வெதுவெதுப்பான ஒத்தடம். நித்தியகல்யாணி என்று சொன்னபோது பாட்டிக்குப் புரியவில்லை. போனில் படத்தைக் காட்டினேன். “இது சுடுகாட்டு மல்லியில்ல!” என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சுடுகாட்டுப் பூ தன்னைச் சுடுகாட்டுக்குப் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது என்று வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்தப் பாட்டிக்குப் பிறகுதான் நோயாளிகள் பேசும் தமிழைக் கவனிக்க ஆரம்பித்தேன். எங்கள் பாடப் புத்தகத்தில் நோய்க்குறிகள் எல்லாம் இங்கிலீஷில் இருந்தன. வார்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. ‘கிறக்கமா இருக்கு’, ‘வாய்க்கு ஒண்ணும் பிடிக்கல’, ‘நெஞ்ச அடைக்கிற மாதிரி’, ‘கால் என் கால் மாதிரியே இல்ல’. கடைசியாகச் சொன்னதை ஒரு சித்தாள் பெண் சொன்னார். நடக்கும்போது செருப்பு கழன்று போனதுகூடத் தெரியவில்லையாம். இதுவும் அந்த நித்தியகல்யாணி மருந்தின் வேலைதான். கால் நரம்பை மரத்துப்போக வைக்கும். டாக்டரிடம் சொல்லி மருந்தின் அளவைப் பார்க்கச் சொன்னோம். வெறுங்காலோடு நடக்கக் கூடாது, வெந்நீரில் காலை விடும் முன் முழங்கையால் சூடு பார்க்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவர் போகிற போக்கில் சொன்ன வார்த்தை அது. விட்டிருந்தால் விட்டதுதான்.

எல்லாவற்றிலும் மோசமானது ‘ஒரு மாதிரியா இருக்கு’. என்ன மாதிரி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒருநாள் இரவு டியூட்டியில், இருபத்து மூன்று வயதுப் பையன் ஒருவன் இதைச் சொன்னான். ரத்தப் புற்றுநோய். மருந்து ஏற்றி ஒன்பதாவது நாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தான், போனில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் ஓவர் முடியும் முன்பே போனைக் கவிழ்த்து வைத்திருந்தான். காய்ச்சல் பார்த்தேன்: 100.6. பிரஷர் சரியாகவே இருந்தது, நாடி மட்டும் வேகம். கீமோ ஏற்றி ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரைக்கும்தான் பெரும்பாலும் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். அந்தச் சமயத்தில் காய்ச்சல் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் உள்ளே போயிருக்க வேண்டும். டியூட்டி டாக்டரை எழுப்பினேன், ரத்தம் எடுத்தோம், மருந்தை ஏற்றினோம். விடியற்காலை மூன்று மணிக்குப் பிரஷர் இறங்கியது. ஆனால் அதற்குள் ஆன்டிபயாடிக் இரண்டாவது டோஸை நெருங்கிவிட்டிருந்தோம். பையன் தப்பித்தான்.

வீட்டில் இருப்பவர்கள் இதை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீமோ போட்டு வீட்டுக்கு வந்தபின் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், பாராசிட்டமால் கொடுத்துக் காலை வரை பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. மாத்திரை காய்ச்சலை மறைக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. பஸ்ஸோ, வேனோ, 108-ஓ, கிளம்பி வந்துவிட வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாத வீட்டுக்கு நான் டிஸ்சார்ஜ் சீட்டே கொடுப்பதில்லை. வாங்கி வந்து காட்டினால்தான் கையெழுத்து. இப்படி ஒரு விதி எங்கேயும் கிடையாது, நானாக வைத்துக்கொண்டது.

வலிக்கு வருகிறேன்.

பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஓர் அளவு சொல்லிக் கேட்கச் சொல்வார்கள். வலியே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாவிட்டால் பத்து. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாத்தாவிடம் “பத்துக்கு எத்தனை இருக்கும் ஐயா?” என்று கேட்டேன். திருதிருவென்று முழித்தார். கீழே பாயில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, “ரூவாய்க்கு எத்தன அணா வலிக்குதுன்னு கேக்குறாக” என்று எடுத்துக் கொடுத்தார். தாத்தா யோசிக்கவே இல்லை. “பன்னண்டு அணா.” மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டால், “இப்ப நாலணாதான்.” அணாக் கணக்கு 1957-லேயே மாறிவிட்டது. வயதானவர்கள் வாயிலிருந்து இன்னும் போகவில்லை. அன்றிலிருந்து பெரியவர்களுக்கு அணாக் கணக்குதான். கேஸ் ஷீட்டில் மட்டும் ஏழு, எட்டு என்று மாற்றி எழுதிக்கொள்வேன்.

எவ்வளவு வலி என்பதோடு, என்ன வலி என்பதும் முக்கியம். இதில் தமிழுக்குக் குறைவே இல்லை. குத்துது, குடையுது, உளையுது, பிசையுது, கடுக்குது, எரியுது, சுருக்சுருக்குங்குது, விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது. எலும்புக்கு நோய் பரவினவர்கள் பெரும்பாலும் ‘குடையுது’ என்பார்கள். குடல் அடைக்கிறவர்களுக்குப் ‘பிசையுது, முறுக்குது’. ‘எரியுது’, ‘கரண்டு அடிச்ச மாதிரி இழுக்குது’ என்றால் நரம்பை நோய் பிடித்திருக்கலாம். அதற்குச் சாதாரண வலி மாத்திரை மட்டும் போதாது, வேறு வகை மருந்து சேர்க்க வேண்டும். அதனால் இப்போதெல்லாம் நோயாளி சொன்ன வார்த்தையை அப்படியே தமிழில் கேஸ் ஷீட்டில் எழுதிவிடுகிறேன். ‘வலி இருக்கிறது’ என்று எழுதினால் டாக்டர் அதே மாத்திரையைத்தான் தொடருவார். ‘வலது தொடையில் கரண்டு அடிப்பதுபோல், இரவில் அதிகம்’ என்று எழுதினால் வந்து பார்ப்பார். முதலில் சில டாக்டர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டு மருந்தை மாற்றினார்கள்.

மார்ஃபின் மாத்திரை. இதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடியால் பல வருடங்கள் இது ஆஸ்பத்திரிகளுக்கே கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. 2014-ல் சட்டத்தைத் திருத்தியபின் வழி கொஞ்சம் இலகுவானது. சட்டம் இளகியது, மனிதர்களின் பயம் இளகவில்லை. “அது கடைசி மருந்தாமே சிஸ்டர்?” “பழக்கமாயிருமாமே?” இந்த இரண்டு கேள்வியும் வராத நாள் இல்லை. மார்ஃபின் கொடுப்பதால் ஆள் போய்விடுவதில்லை. டாக்டர் சொன்ன அளவில், வலிக்காகச் சாப்பிடுகிறவருக்கு அது போதைக்கு ஏங்க வைப்பதும் மிக அரிது. முதல் இரண்டு மூன்று நாள் தூக்கக் கலக்கமும் குமட்டலும் இருக்கும், அப்புறம் தெளிந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் தெளியாது. மார்ஃபின் எழுதினால் கூடவே மலமிளக்கியும் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள். ஐந்து நாள் வயிறு போகாமல், வலியைவிட அதுவே கொடுமையாகி, மார்ஃபினையே வேண்டாம் என்று தூக்கி எறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது நேரம். வலி வந்தபின் கொடுப்பது அல்ல, வரும் முன்பு கொடுப்பது. சாதாரண மார்ஃபின் மாத்திரை நாலு மணி நேரம்தான் தாங்கும். காலை ஆறு, பத்து, பகல் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து. ராத்திரி எழுப்ப வேண்டாம் என்று பத்து மணிக்கு இரட்டை அளவாக டாக்டர் எழுதுவார். ‘வலித்தால் கேளுங்கள்’ என்று விட்டால் நம் ஆட்கள் கேட்க மாட்டார்கள். சிஸ்டரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார்கள். நேரம் தவறாமல் கொடு என்று வற்புறுத்தியவர்களில் முக்கியமானவர் சிசிலி சாண்டர்ஸ். 1967-ல் லண்டனில், இனி குணமாகாது என்ற நிலையில் இருப்பவர்களுக்காக செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கியவர். முதலில் நர்ஸ், முதுகு வலியால் அந்த வேலையை விட்டுச் சமூகப் பணிக்குப் போய், அப்புறம்தான் டாக்டர் ஆனவர். உடம்பு வலியோடு மனசு, குடும்பம், காசு, சாமி எல்லாம் சேர்ந்ததுதான் ஓர் ஆளின் வலி என்பது அவர் சொன்னது. எனக்கு இதில் ஒரு அற்பப் பெருமை உண்டு. நர்ஸாக இருந்ததால்தான் அவருக்கு அது தெரிந்தது என்று எங்கள் ஜூனியர்களிடம் அடித்துச் சொல்வேன்.

அப்புறம் நாற்றம். இதை யாரும் எழுதுவதில்லை.

வாயில் புகையிலையை அதக்கி அதக்கிக் கன்னத்தில் நோய் வந்தவர் ஒருவர். லாரி ஓட்டியவர். கன்னம் வெளிப்பக்கமாகத் திறந்துவிட்டது. வார்டுக்குள் நுழையும்போதே வாடை அடிக்கும். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் இடம் மாற்றிக் கேட்டார்கள். அவர் யார் முகத்தையும் பார்க்க மாட்டார். துண்டைப் பாதி முகத்துக்குச் சுற்றி, சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருப்பார். மனைவியை வராண்டாவில் போய்ச் சாப்பிடச் சொல்லிக் கையைக் காட்டுவார்.

முதல்நாள் கட்டுப் பிரிக்கும்போது என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்க் போட்டிருந்தாலும் கண் சுருங்கினால் தெரிந்துவிடும். சுருங்கியது. அவரும் பார்த்துவிட்டார்.

மறுநாள் முறையை மாற்றினேன். டிரெஸ்ஸிங்குக்கு முக்கால் மணி நேரம் முன்பே வலி மாத்திரை. பழைய கட்டைப் பிய்க்காமல், அதன் மேல் சலைனை ஊற்றி ஊறவிட வேண்டும். பத்து நிமிடம் பொறுத்தால் துணி தானாகக் கழன்று வரும். காய்ந்த துணியை இழுத்தால் ரத்தம் வரும், உயிர் போகும். அந்தப் பத்து நிமிடமும் எங்கும் போகாமல் அவரிடம் ரூட்டைப் பற்றிக் கேட்டேன். பேச முடியாது, நோட்டில் எழுதிக் காட்டுவார். மதுரையிலிருந்து நாக்பூர் வரை எந்தெந்த ஊரில் எந்தக் கடையில் டீ நன்றாக இருக்கும் என்று ஒரு பக்கத்துக்கு எழுதினார். புண்ணைக் கழுவி, டாக்டர் சொன்னபடி மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடியாக்கித் தூவி, மேலே மெல்லிய துணி. நாற்றத்தைக் கிளப்பும் கிருமிகளை அந்தப் பொடி அடக்கும். நாலைந்து நாளில் வாடை பாதியாகக் குறைந்தது. படுக்கையை ஜன்னலோரம் மாற்றினோம். ஊதுவத்தி, சென்ட், பினாயில் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாற்றத்தின் மேல் வாசனையைப் போட்டால் இரண்டும் சேர்ந்து குமட்டும்.

ஒரு வாரம் கழித்து அவர் மனைவி கட்டிலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் குழாய் வழியாகப் போகும் கஞ்சியைத் தானே பிடித்துக்கொண்டிருந்தார். முகம் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

உண்மையைச் சொல்வதா, மறைப்பதா என்பதில் நான் பல வருடம் தடுமாறியிருக்கிறேன். “அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் சிஸ்டர். வயித்துப் புண்ணுன்னு சொல்லி வச்சிருக்கோம்.” இதைச் சொல்லாத குடும்பம் குறைவு. ரிட்டயர்டு பஸ் கண்டக்டர் ஒருவர் இருந்தார். இரைப்பையில் நோய். இரவு இரண்டு மணிக்கு டிரிப்ஸ் மாற்றப் போனபோது விழித்திருந்தார்.

“ஏம்மா, வயித்துப் புண்ணுக்கு எதுக்கும்மா முடி கொட்டுது?”

முன்பாக இருந்தால், “அதெல்லாம் ஒண்ணுமில்ல ஐயா, தூங்குங்க” என்று லைட்டை அணைத்திருப்பேன். நிறையப் பேருக்கு அப்படித்தான் அணைத்திருக்கிறேன். அன்றைக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “நீங்க என்னன்னு நினைக்கிறீங்க ஐயா?” என்றேன்.

கொஞ்ச நேரம் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “முப்பது வருசம் கண்டக்டரா இருந்தவம்மா நான். டிக்கெட் எடுக்காதவன் மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? எம்பையன் மூஞ்சி ஒரு மாசமா அப்படித்தான் இருக்கு.”

நோயின் பெயரை நான் சொல்லவில்லை; அதைச் சொல்வது டாக்டரின் வேலை. “நாளைக்கு டாக்டர்கிட்ட நீங்களே கேக்குறீங்களா? நான் கூட நிக்கிறேன்” என்று மட்டும் சொன்னேன். காலையில் மகனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். ‘மறைப்பது தப்பு’ என்று ஆரம்பித்தால் சண்டைதான் வரும். “அப்பாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு பயப்படுறீங்க?” என்று கேட்டேன். உடைந்துபோவார், சாப்பிட மாட்டார் என்றான். “அவருக்குத் தெரியும் தம்பி. உங்களுக்காகத்தான் தெரியாத மாதிரி இருக்காரு” என்றதும் அந்த வராண்டாவிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். அன்று டாக்டர் ரவுண்ட்ஸில் அரை மணி நேரம் அங்கேயே போனது. கண்டக்டர் அழுதார், மறுநாள் சாப்பிட்டார். மகளின் நகை எந்தக் கடையில் அடகில் இருக்கிறது என்று சீட்டோடு எடுத்துக் கொடுத்தார். அதுவரை யாருக்கும் அது தெரியாது. எல்லோருக்கும் எல்லாம் சொல்லியாக வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ‘எனக்கு ஒண்ணும் சொல்லாதீங்க, எம்புள்ளைட்ட பேசிக்கங்க’ என்று தெளிவாகச் சொன்னவர்களும் உண்டு. அதையும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சின்ன விஷயங்கள் சில. முடி முதல் கீமோவுக்குப் பிறகு இரண்டு மூன்று வாரத்தில் கொட்டத் தொடங்கும். தலையணையில் கொத்தாகப் பார்க்கும் காலைதான் தாங்க முடியாதது, அதனால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஓர் அக்கா, கொட்டுவதற்கு முன்பே சமயபுரத்துக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். “கொட்டிப்போறதுக்கு ஆத்தாளுக்குக் குடுத்தா புண்ணியமாச்சும் மிஞ்சும்” என்றார். தெருவில் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லையாம். வாய்ப்புண்ணுக்கு உப்பும் சமையல் சோடாவும் கலந்த தண்ணீரில் அடிக்கடி கொப்பளிப்பது, மிருதுவான பிரஷ், காரமும் சூடும் இல்லாத சாப்பாடு. கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைக்கும் இடத்தில் சோப்பு, பவுடர், எண்ணெய் எதுவும் நாமாகப் போடக் கூடாது. தோலில் போட்ட கோட்டை அழிக்கக் கூடாது. தட்டு, டம்ளர் தனியாக வைக்க வேண்டியதில்லை, இது ஒட்டுகிற நோய் இல்லை. மருந்து ஏறின இரண்டு நாளைக்கு வாந்தியும் சிறுநீரும் துடைப்பவர்கள் மட்டும் கையுறை போட்டுக்கொண்டால் போதும். மார்பு அறுவை சிகிச்சையில் அக்குள் நெறியையும் எடுத்திருந்தால், அந்தப் பக்கக் கையில் ஊசி போடவோ பிரஷர் பார்க்கவோ வரும்போது, “அந்தக் கை வேண்டாம்” என்று சொல்லிவிடுங்கள். நாங்களும் அவசரத்தில் மறப்போம்.

டிஸ்சார்ஜ் ஆகி, இனி மருந்து பலன் தராது என்று வீட்டுக்குப் போகிறவர்களிடம் ‘வீட்ல வச்சுப் பாத்துக்கங்க’ என்று மொட்டையாகச் சொல்லி அனுப்புவதை இப்போது நிறுத்திவிட்டேன். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரண ஆதரவு சிகிச்சைக்கு வீட்டுக்கே நர்ஸ் வருகிறார்கள். அந்த வட்டார நர்ஸுக்குப் போன் போட்டு, நோயாளியின் மனைவி கையில் போனைக் கொடுத்து, இரண்டு பேரும் பேசிக்கொண்ட பிறகுதான் அனுப்புவது. எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தால் யாரும் கூப்பிடுவதில்லை. ஒரு தடவை குரல் கேட்டுவிட்டால் கூப்பிடுகிறார்கள்.

வார்டில் ஒருவர் இறந்துபோனால் தடுப்புத் திரையை இழுப்போம். திரைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களை யாரும் யோசிப்பதில்லை. ஒரு மணி நேரத்தில் விரிப்பு மாற்றி, புது ஆள் வந்துவிடுவார். பக்கத்துப் படுக்கைக்காரர் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். “அவர் வீட்டுக்குப் போயிட்டாரு” என்று நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். ஒரு அம்மா, “நடந்தா போனாரு?” என்று கேட்டார். அதற்குப் பிறகு சொல்வதில்லை. உடலை அனுப்பியபின் பக்கத்துப் படுக்கைகளுக்குப் போய் இரண்டு நிமிடம் நிற்பேன். “தவறிட்டாரும்மா. கஷ்டப்படல. வலி மருந்து போய்க்கிட்டுதான் இருந்துச்சு, சம்சாரம் கையப் பிடிச்சுக்கிட்டு இருந்தாங்க.” அவர்கள் கேட்க நினைப்பது பெரும்பாலும் இந்த இரண்டையும்தான்: வலித்ததா, பக்கத்தில் யாராவது இருந்தார்களா. உண்மையிலேயே கஷ்டப்பட்டுப் போயிருந்தால் என்ன சொல்வது என்பதற்கு இன்னும் எனக்குப் பதில் பிடிபடவில்லை. அந்த நாட்களில் பேசாமல் தண்ணீர் மட்டும் ஊற்றிக் கொடுத்துவிட்டு வருவேன்.

பாட்டிக்கு ஆறு தடவையும் முடிந்தது. மற்றதெல்லாம் வலது கையில்தான் ஏற்றினோம், ஒவ்வொரு தடவையும் நான்தான் உட்கார்ந்தேன். நெறி கரைந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை செக்கப்புக்கு வருவார். போன தடவை பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பத்து வயது இருக்கும். பாட்டியின் இடது முன்கையில் தழும்பு, ஒரு ரூபாய்க் காசைவிடப் பெரிதாக, தோல் பளபளவென்று சுருங்கி இருக்கும். பேத்தி அதைத் தடவிக்கொண்டே என்னிடம், “இட்லிச் சட்டி ஆவி பட்டுருச்சாம் ஆச்சிக்கு” என்றாள்.

பாட்டியைப் பார்த்தேன். அவர் பைக்குள் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

“இட்லிச் சட்டி இல்ல கண்ணு” என்றேன். “ஊசி மருந்து வெளிய போயிருச்சு. ஆச்சி எரியுதுன்னு சொன்னாங்க. நான்தான் வந்து பாக்கல.”

பிள்ளை என்னையும் பாட்டியையும் மாறி மாறிப் பார்த்தது. பாட்டி பையிலிருந்து முருங்கைக்கீரைக் கட்டை எடுத்து என் மேஜையில் வைத்தார்.

“சரி சரி. தண்ணி தெளிச்சு வையி தாயி, வாடிரும்.”